சாரிட்டி ஷாப்பில் வாலண்டியராகப் போகலாமா? அங்கே சிநேகிதம் கிடைக்குமா?

கேள்வி சுருக்கமாக இது: கேட்பவருக்கு 63 வயது. லண்டன் குராய்டனில் முப்பது வருஷமாக இருக்கிறார். ஆஸ்பத்திரி கிச்சனில் பார்த்த வேலையைப் போன வருஷம் விட்டுவிட்டார். அதே வருஷம் கணவரும் காலமானார். மகன் மான்செஸ்டரில். ஜிபி சர்ஜரியில் (குடும்ப டாக்டரின் கிளினிக்) இருக்கும் லிங்க் வொர்க்கர், அதாவது நோயாளிகளை ஊரில் நடக்கும் காரியங்களோடு சேர்த்துவிடுபவர், "பக்கத்து சாரிட்டி ஷாப்பில் வாலண்டியராகப் போய்ப் பாருங்களேன்" என்றிருக்கிறார். மக்கள் தானமாகக் கொடுக்கும் பழைய பொருளை விற்றுப் பணம் திரட்டும் தொண்டு நிறுவனக் கடைதான் சாரிட்டி ஷாப். இங்கிலீஷ் ஏதோ சமாளிக்கிற அளவுதான். "சம்பளமில்லாமல் பழைய துணி மடிக்கப் போறியா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். போகலாமா, போனால் பேச நாலு பேர் கிடைப்பார்களா என்று கேட்கிறார்.

போங்கள் அக்கா. ஆனால் பேச ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், எப்போதும் அதே நாள், அதே நேரம், பின்னறையில் வேலை வேண்டும் என்று கேட்டுப் போங்கள். மற்றது தன்னால் வரும். தெற்கு லண்டனில் ஒரு ஹாஸ்பிஸ் நடத்தும் கடையில் வாலண்டியராகச் சேர்ந்து, இப்போது அந்தக் கடைக்கே மேனேஜராக இருப்பவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் சொந்தக்காரர்களுக்குப் பதில். பிரிட்டனில் பத்தாயிரத்துக்கு மேல் சாரிட்டி கடைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் சம்பளம் வாங்குபவர் ஒருவரோ இருவரோதான். மீதி அத்தனையும் வாலண்டியர்கள். இது இன்று நேற்று வந்த ஏற்பாடில்லை. போர்க்காலத்தில் பஞ்சத்தில் தவித்த கிரேக்க மக்களுக்கு உதவ 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் சிலர் கூடி ஒரு குழு அமைத்தார்கள், அதுதான் ஆக்ஸ்ஃபாம். 1940களின் கடைசியில் அதே ஊரில் பிராட் ஸ்ட்ரீட் 17ஆம் எண்ணில் அவர்கள் திறந்த கடையின் வழியில் வந்தவைதான் இன்று ஹை ஸ்ட்ரீட்டில் நாம் பார்க்கும் கடைகள். அதன் முதல் மேனேஜர் ஜோ மிட்டி யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி வைத்து விற்பாராம், ஒரு கழுதை உட்பட. இப்போது கழுதை கொண்டுவந்தால் நாங்கள் வாங்க மாட்டோம். பைக் ஹெல்மெட், குழந்தைகளின் கார் சீட், தீப்பிடிக்காத துணி என்ற லேபிள் இல்லாத சோஃபா, இவற்றையும்தான்.

சம்பளம் ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1998இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், செலவுக் காசைத் தவிர வேறு எதுவும் வாங்காமல் சாரிட்டிக்கு வேலை செய்யும் வாலண்டியர்களுக்கு விலக்குத் தருகிறது. அதனால்தான் போக்குவரத்துச் செலவு, சில இடங்களில் மதியச் சாப்பாட்டுச் செலவு, அதையும் ரசீது பார்த்துத்தான் கொடுப்பார்கள். "இந்தாங்க, கைச்செலவுக்கு" என்று பத்து பவுண்டு நீட்ட மேனேஜருக்கு மனமிருந்தாலும் முடியாது. உங்களிடம் 60+ ஆய்ஸ்டர் கார்டு இருந்தால் வாரநாட்களில் காலை 9 மணிக்கு மேல் பஸ்ஸும் டிராமும் இலவசம். கடை பெரும்பாலும் 9.30, 10 மணிக்குத்தான் ஷிஃப்ட் தொடங்கும் என்பதால் அந்தக் கவலை இல்லை. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் வாலண்டியர் வேலை செய்யத் தடையில்லை, ஜாப் சென்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பணம் எங்கே போகிறது என்றும் சொந்தக்காரர்களிடம் சொல்லலாம். எங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்பிஸ் என்றால் இனி குணமாகாது என்று தெரிந்தவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம். நவீன ஹாஸ்பிஸ்களில் முதலாவதான செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சிடன்ஹாமில்தான் இருக்கிறது. சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர் அதை 1967இல் திறந்தார். இந்த நாட்டில் ஹாஸ்பிஸ்கள் நோயாளியிடமோ குடும்பத்திடமோ காசு வாங்குவதில்லை. பெரியவர்களைப் பார்க்கும் ஹாஸ்பிஸ்களின் செலவில் அரசு தருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதிக்கு உயில், நன்கொடை, அப்புறம் இந்த மாதிரிக் கடைகள். நீங்கள் ஒரு பிளவுஸை ஹாங்கரில் மாட்டினால் அது ஒரு நர்ஸின் சில நிமிஷ நேரம் என்று நான் புதிதாக வருபவர்களிடம் சொல்வதுண்டு.

சரி, வேலைக்கு வருவோம். ஊரில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் இல்லையா, எங்கள் பின்னறையும் ஏறக்குறைய அப்படித்தான். மூட்டை வந்ததும் மேசையில் கொட்டிப் பிரிப்போம். கிழிசல், கறை, அக்குளில் மஞ்சள், போகாத சிகரெட் நாற்றம் எல்லாம் தனிப் பையில். அதை எடைக்கு எடுக்கும் வியாபாரி வருவார். கிலோவுக்குச் சில பென்ஸ் கிடைக்கும். அதில் ஒரு பகுதி கானா தலைநகர் அக்ராவின் கண்டமாண்டோ சந்தை மாதிரி இடங்களுக்குப் போகும், கம்பளி ஸ்வெட்டர்கள் நம் பானிபட்டுக்குப் போய் நூலாகிப் போர்வையாகும். (போகிற இடத்தில் அதுவும் குப்பையாகக் குவிகிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. மட்டமான துணி குறையாமல் அதற்குத் தீர்வில்லை என்பது என் அபிப்பிராயம்.)

விற்கக்கூடியதை ஹாங்கரில் மாட்டி ஸ்டீமரால் சுருக்கம் எடுப்போம். இஸ்திரி போடுவதில்லை. அப்புறம் சைஸ் வில்லை, டேக் கன்னால் விலைச்சீட்டு. சீட்டில் எந்த வாரம் வெளியே வைத்தோம் என்று எண் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் போகாவிட்டால் இறக்கி வேறு கடைக்கு அனுப்புவோம். கொடுத்தவர் வரி கட்டுபவராக இருந்து கிஃப்ட் எய்ட் என்ற வரித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பொருளில் தனி பார்கோடு ஒட்ட வேண்டும். அது பத்து பவுண்டுக்கு விற்றால் வரி அலுவலகத்திலிருந்து இன்னும் இரண்டரை பவுண்டு வருகிறது. ஸ்டிக்கரை மறந்தால் அந்தக் காசு போச்சு. ஆஸ்பத்திரி கிச்சனில் எந்த நோயாளிக்கு உப்பில்லாத தட்டு, யாருக்குக் கூழ் என்று சீட்டுப் பார்த்து டிரே கட்டியவருக்கு இதெல்லாம் ஒரு மணி நேரத்தில் பிடிபடும்.

ஏன் பின்னறை வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன் என்றால், உங்கள் இங்கிலீஷ் கவலைக்கும் சிநேகிதத்துக்கும் இரண்டுக்குமே அதுதான் பதில். காஃபி மார்னிங் என்று சர்ச்சிலும் நூலகத்திலும் நடத்துகிறார்களே, அங்கே எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். பேச்சு நின்றுபோனால் இரண்டு பேருக்கும் சங்கடம். பின்னறையில் கண் துணியில் இருக்கும், கை வேலை செய்யும். வாய்க்கு வந்தபோது பேசலாம், வராதபோது ஸ்டீமர் சத்தம் போதும். "இதைப் பாரேன், யார் போட்டிருப்பார்கள்!" என்று ஒரு கோமாளிச் சட்டையைத் தூக்கிக் காட்டினால் அதற்கு இலக்கணம் வேண்டியதில்லை, எல்லோரும் சிரித்துவிடுவார்கள். பேச வேண்டிய விஷயத்தை மூட்டையே கொண்டுவந்து கொடுக்கும்.

அங்கே யார் இருப்பார்கள் தெரியுமா? ரிட்டயர்டு டீச்சர் ஒருவர், அநேகமாகப் புத்தக அலமாரியைத் தன் ராஜ்ஜியமாக வைத்திருப்பார். எடின்பரோ கோமகன் விருதுக்காக (சேவையும் செய்து வாங்கும் இளைஞர் விருது) வரும் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் சனிக்கிழமை வருவார்கள். முதல் மாதம் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிறகு தேறிவிடுவார்கள். கற்றல் குறைபாடு உள்ள ஒருவர் பல வருஷமாக ஹாங்கர் அடுக்குவார், அவர் அடுக்கியதில் நாம் கை வைக்கக் கூடாது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் சம்பள வேலைக்குப் போக முடியாத காலத்தில் இங்கே வருவதுண்டு. சில கடைகளுக்குக் கோர்ட் உத்தரவுப்படி சமூக வேலை செய்ய வருபவர்களையும் அனுப்புவார்கள். பயப்பட ஒன்றுமில்லை, கனமான பெட்டியை முதலில் தூக்குவது பெரும்பாலும் அவர்கள்தான். நம் வழக்கமான வட்டத்தில் இத்தனை வயதும் இத்தனை வாழ்க்கையும் ஒரே மேசையில் சேர்வது அபூர்வம்.

கோயிலில் சேவை செய்தால் போதாதா என்று யாராவது கேட்பார்கள். கோயிலுக்கும் போங்கள். ஆனால் அங்கே நீங்கள் இன்னாருடைய மனைவி, இப்போது இன்னாரைப் பறிகொடுத்தவர். பார்க்கிறவர்கள் எல்லோரும் தலையைச் சாய்த்துக் குரலைத் தாழ்த்துவார்கள். சுமங்கலிப் பிரார்த்தனை என்று வந்துவிட்டால் எங்கே நிற்பது என்று உங்களுக்கே தெரியாது. கடையில் உங்களுக்கு உங்கள் பேர் மட்டும்தான், அதுவும் பாட்ஜில் எழுதியிருக்கும். கணவரைப் பற்றி நீங்களாகச் சொல்லும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். நம் ஆட்களுக்கு முதலில் இது அலட்சியமாகத் தெரியும்: மூன்று மாதம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தும் பிள்ளைகள் எத்தனை என்றுகூடக் கேட்கவில்லையே! இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான். டீ போடும்போது உங்களுக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்காமலே போட்டுக் கொடுக்கும் நாள் ஒன்று வரும். அவர்கள் கணக்கில் அது பெரிய விஷயம். அதற்கு ஆறு மாதம்கூட ஆகலாம், அவசரப்படாதீர்கள்.

"ஒரே நாள், ஒரே நேரம்" என்பதன் அருமையும் இதில்தான். இஷ்டப்பட்டபோது போகிறேன் என்றால் ஒவ்வொரு தடவையும் வேறு முகங்கள். செவ்வாய்க் காலை என்று ரோட்டாவில் பேர் ஏறிவிட்டால் செவ்வாய்க் காலைக் கூட்டம் உங்களுடையது. நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால் யாரோ ஒருவருக்கு வேலை கூடும், ஏன் வரவில்லை என்று போன் வரும். வேலையை விட்ட பிறகு நம்மை யாரும் எதிர்பார்த்திருப்பதில்லை என்பதுதானே பாதி வருத்தம்? பொழுது போவதைவிட அந்த போன் முக்கியம். பிரிட்டிஷ் அரசு 2018இல் தனிமைக்கென்றே ஒரு அமைச்சரிடம் பொறுப்புக் கொடுத்தது; ஜிபி சர்ஜரிகளில் லிங்க் வொர்க்கர்கள் வந்ததற்குப் பின்னாலும் இந்தக் கவலை இருக்கிறது. அதனால் உங்கள் லிங்க் வொர்க்கர் உங்களைத் தட்டிக்கழிக்கச் சொன்ன யோசனை இல்லை இது.

உங்களிடம் இருப்பதும் அவர்களுக்கு வேண்டும். ஒரு உதாரணம். எங்கள் கடைக்கு ஒரு மூட்டையில் மடித்த துணி வந்தது. அரக்கில் உடல், பச்சைக் கரை, ஐந்தரை மீட்டர் நீளம். ஒரு வாலண்டியர் "கர்ட்டன் துணி, 4 பவுண்டு" என்று சீட்டு எழுதிவிட்டார். அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த நம்மூர் அம்மா ஒருவர் அதை எடுத்துத் திருப்பிப் போட்டார். கரை உடலோடு சேரும் இடத்தில் ரம்பப் பல் மாதிரி கோர்த்திருந்ததைக் காட்டினார். முந்தானை தொடங்குகிற இடத்தில் இழை கொஞ்சம் தடித்து ஒரு கோடாக இருந்ததை எல்லோரையும் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். காஞ்சிபுரத்தில் கோர்வை, பேட்னி என்பார்கள். உடல் ஒன்று, கரை ஒன்று, முந்தானை ஒன்று என்று தறியிலேயே இணைத்து நெய்வது. இத்தனையும் அவர் ஒரு வாக்கியம்கூட முழுசாக இல்லாத இங்கிலீஷில் சொன்னார். "திஸ் சைட் டூ மேன் வீவிங்" என்று கையால் ஷட்டில் தள்ளிக் காட்டினார். அன்று முதல் சேலை, சுடிதார், பித்தளை விளக்கு எது வந்தாலும் அவர் நாள் வரும்வரை யாரும் விலை போடுவதில்லை. அந்தப் பட்டு ஆன்லைனில் நல்ல விலைக்குப் போனது. அதைவிட, புத்தக அலமாரிக்கு ஒரு டீச்சர் ராணியாக இருப்பது மாதிரி இவருக்கும் ஒரு மூலை கிடைத்தது. உங்களுக்குச் சேலை தெரியாவிட்டால் எவர்சில்வர் தெரியும், பிரஷர் குக்கர் தெரியும், தையல் தெரியும். பட்டன் தைக்கத் தெரிந்தவருக்கே பின்னறையில் பெரிய கிராக்கி.

இனி ஒரு கஷ்டமான விஷயம். நன்கொடையில் பாதிக்குப் பாதி இல்லாவிட்டாலும் கணிசமான மூட்டைகள் இறந்தவர்களுடையவை. பார்த்ததுமே தெரிந்துவிடும். துவைத்து, மடித்து, ஷூவுக்குள் காகிதம் வைத்துக் கொண்டுவருவார்கள். பையில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று எல்லாப் பாக்கெட்டையும் தடவிப் பார்ப்பது எங்கள் வழக்கம்: கசங்கிய டிஷ்யூ, பெப்பர்மின்ட் உறை, ஏதோ ஒரு கடை ரசீது. உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் ஆகிறது என்பதால், சேரும்போதே மேனேஜரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். ஆண்கள் துணி பிரிக்க இப்போது வேண்டாம் என்றால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அதே நேரம், சில பேருக்கு அந்த மேசையில்தான் மனசு லேசாகிறது. கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கவுன்டரில் நகராமல் நிற்கிற ஒரு கிழவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. அப்புறம் உங்கள் கணவரின் துணிமணி இன்னும் அலமாரியில் இருந்தால் அவசரமில்லை. கொடுக்கும்போது நீங்கள் போகிற கடைக்குக் கொடுக்காதீர்கள், குராய்டனிலேயே கொடுக்காதீர்கள். பிராம்லிக்கோ சட்டனுக்கோ கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய கோட்டை ஹை ஸ்ட்ரீட்டில் யாரோ போட்டுக்கொண்டு போவதைப் பார்ப்பது எல்லோராலும் தாங்கக்கூடியதில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்னறை குளிரும், தூசி பறக்கும். ஆஸ்துமா இருந்தால் மாஸ்க் போடுங்கள். குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டியதை நம் வாசலில் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, மழையில் நனைந்த அந்த மூட்டையைத் திறக்கக் கை நடுங்கும். கையுறை கேட்டு வாங்குங்கள். இரண்டு பவுண்டு சட்டைக்கு அம்பது பென்ஸ் குறை என்று பேரம் பேசுவார்கள், திருடவும் செய்வார்கள். சின்னச் சின்னப் பொறாமைகள் இருக்கும், முக்கியமாக யார் எந்த அலமாரிக்குச் சொந்தம் என்பதில். நல்ல பொருளை வாலண்டியர்களே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கடைக்குக் கடை விதி உண்டு. பெரும்பாலும் நீங்கள் வாங்க நினைப்பதற்கு வேறொருவர்தான் விலை போட வேண்டும், கொஞ்ச நேரமாவது அது வெளியே தொங்கியிருக்க வேண்டும். இதில் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எல்லா மேனேஜரும் ஒரே மாதிரியும் இல்லை. வந்தவுடன் டீ எங்கே, டாய்லெட் எங்கே, தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று காட்டி, இன்னொரு வாலண்டியரிடம் சேர்த்துவிடுபவர் நல்லவர். பேர்கூடக் கேட்காமல் மூட்டையைக் காட்டிவிட்டுப் போகிறவரும், ஆள் இல்லை என்று சொல்லி நாலு நாள் வரச் சொல்கிறவரும் உங்களைச் சம்பளமில்லாத கை என்றுதான் பார்க்கிறார்கள். முதல் ஆறு மாதம் வாரம் ஒரு ஷிஃப்ட், பிறகு வேண்டுமானால் இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். ஒப்பந்தம் எதுவும் இல்லை, எந்த நாளும் "இனி வரவில்லை" என்று சொல்லிவிட்டு வரலாம். சரிப்படாவிட்டால் அடுத்த கடை பத்துக் கதவு தள்ளி இருக்கும். ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச், பார்னார்டோஸ், ஏஜ் யூகே என்று குராய்டன் பக்கம் தேடினால் ஏதாவது அகப்படும்.

இதைப் படிக்கிற வேறு யாராவது ஊரிலிருந்து ஆறு மாத விசிட் விசாவில் வந்த அம்மா அப்பாவை அனுப்பலாமா என்று யோசித்தால்: பதிவு பெற்ற சாரிட்டியில் மொத்தம் 30 நாள்வரை வாலண்டியர் வேலை செய்ய விசிட்டர் விதிகள் இடம் தருகின்றன, அதுவும் வந்த நோக்கம் அதுவாக இல்லாத வரை. வேறு விசாவில் இருப்பவர்கள் தங்கள் விசா நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சேர்வது? ஆன்லைனில் ஃபாரம் இருக்கும், மகன் மான்செஸ்டரிலிருந்தே நிரப்பித் தருகிறேன் என்பார். வேண்டாம். செவ்வாயோ புதனோ காலை பதினோரு மணி வாக்கில் நீங்களே நேரில் போங்கள். சனிக்கிழமையும் திங்கள் காலையும் நாங்கள் மூட்டைக்குள் மூழ்கியிருப்போம். மேனேஜரைக் கேளுங்கள், பின்னறை வேலை, வாரம் ஒரு நாள் என்று சொல்லுங்கள். தெரிந்தவர் ஒருவர் அல்லது இருவர் பேர் ரெஃபரன்ஸுக்குக் கேட்கலாம், பழைய கிச்சன் சூப்பர்வைசர் பேரைக் கொடுங்கள். கல்லாவில் நிற்கச் சொன்னால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். மூன்று மாதத்தில் பெரும்பாலும் நீங்களே போய் நின்றுவிடுவீர்கள், வாடிக்கையாளர்கள் கேட்பது மொத்தமே ஏழெட்டுக் கேள்விதான். நாலு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், கிச்சனில் போட்ட அந்தத் தட்டையான கறுப்பு ஷூ இருந்தால் அதையே போட்டுக்கொண்டு போங்கள்.